சுழலும் விண்மீனும் குவாண்டம் பிறழ்வும்

வட அயர்லாந்து சிறியதொரு நிலம். அங்குப் பிறந்தவர்களுள் பெல் என்னும் குடும்பப் பெயர் தாங்கிய இருவர், ஏறத்தாழ ஒரே காலத்தில், பௌதிக விஞ்ஞானத்தில் இரண்டு வாயில்களைத் திறந்தனர். ஒருவர் ஜோஸலின் பெல். 1967 ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவி. மற்றவர் ஜான் பெல். ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியவர். முன்னவர் விண்ணில் துடிக்கும் ஒரு விந்தைப் பொருளைக் கண்டார். பின்னவர், அணுவினும் சிறிய ஒரு துகளின் மரணத்தைப் பற்றிய கணக்கில் ஒளிந்திருந்த ஒரு முரண்பாட்டைக் கண்டார். இவ்விருவருக்கும் உறவு முறை ஏதும் இல்லை. இவர்கள் கண்ட இரண்டு செய்திகளுக்கும் உறவு இருக்கக்கூடும் என்றும் அன்று எவரும் கருதவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னர் அவ்விரண்டு பாதைகளும் ஓரிடத்தில் கூடின. கூடிய இடம், சுழன்றுகொண்டிருக்கும் அடர்ந்த அணுக்கருப் பொருள். அவ்வரலாற்றையே இன்று மாணவ நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு முதலில் போதித்த விதி, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது. எனவே நமக்குத் தெரிந்த பம்பரத்திலிருந்து தொடங்குவோம். கயிற்றைச் சுண்டி விட்ட பம்பரம் வினாடிக்குப் பல முறை சுழல்கிறது. அப்பம்பரம் சென்னை நகரத்தின் அளவுக்குப் பெரிதாக இருந்து, சூரியனை விடக் கூடுதலான பொருண்மையையும் தன்னுள் அடக்கியிருந்தால் எப்படி இருக்கும்? அதுதான் நியூட்ரான் விண்மீன். அதன் குறுக்களவு ஏறத்தாழ 24 கிலோமீட்டர். அணுக்கருக்கள் ஒன்றையொன்று முட்டி நெருங்கிக் கிடக்கும் அப்பொருளில் ஒரு கன சென்டிமீட்டரை வெட்டி எடுக்க முடிந்தால் அதன் நிறை 27 கோடி டன் ஆகும். மையத்தை நோக்கிச் செல்லச் செல்ல அடர்த்தி இன்னும் பன்மடங்கு உயரும்.

இப்படி ஒரு பொருள் இருக்கக்கூடும் என்னும் எண்ணம் எவ்வாறு பிறந்தது என்பதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பாடப் புத்தகங்களில் அது நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்த பத்தொன்பது வயது இளைஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930 ஆம் ஆண்டில் பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலில் செல்கையில் ஒரு கணக்கைப் போட்டார். எரிபொருள் தீர்ந்து சுருங்கும் விண்மீன், ஓர் எல்லைக்கு மேற்பட்ட பொருண்மை உடையதாயின், எலக்ட்ரான்களின் எதிர்ப்பால் தன் பாரத்தைத் தாங்க முடியாது என்பது அதன் முடிவு. சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு என்று அவ்வெல்லை பின்னர் வரையறுக்கப்பட்டது. 1932இல் சாட்விக் நியூட்ரானைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டின் இறுதியிலேயே வால்டர் பாடே, பிரிட்ஸ் ஸ்விக்கி ஆகிய இருவரும், வெடித்துச் சிதறும் விண்மீனின் எச்சமாக நியூட்ரான்களே நிறைந்த ஓர் உருண்டை மிஞ்சலாம் என்று அறிவித்தனர். துணிச்சலான கூற்று. மெய்ப்பிக்க வழியில்லாமல் அது முப்பத்து நான்கு ஆண்டுகள் காத்துக் கிடந்தது.

1967 ஆகஸ்டில் ஜோஸலின் பெல், தம் வானொலித் தொலைநோக்கி வரைந்து தள்ளிய காகிதச் சுருள்களில் ஒரு சிறு நடுக்கத்தைக் கவனித்தார். பின்னர் நுணுகிப் பதிவு செய்தபோது, 1.337 வினாடிக்கு ஒருமுறை தவறாமல் வரும் துடிப்பு என்று தெரிந்தது. இதற்கு விண்மீனின் சுழற்சியே காரணம் என்று தாமஸ் கோல்டு 1968இல் விளக்கினார். கலங்கரை விளக்கின் ஒளிக்கற்றை சுற்றி வருவது போல, சுழலும் நியூட்ரான் விண்மீனின் கற்றை நம்மைத் தொட்டுத் தொட்டுச் செல்கிறது. இக்கண்டுபிடிப்புக்காக 1974இல் நோபல் பரிசில் பங்கு பெற்றவர் அம்மாணவியின் ஆசிரியரான ஆண்டனி ஹியூவிஷ். மாணவியின் பெயர் அதில் இல்லை. ஆசிரியர் தொழிலில் காலம் கழித்த எனக்கு அது இன்றும் நெருடலாகவே இருக்கிறது.

இனி வருவது நம் நாட்டவர் ஒருவருக்குப் பங்குள்ள செய்தி. வேலா என்னும் விண்மீன் கூட்டத்தில் ஒரு பல்சர் இருக்கிறது. வினாடிக்குப் பதினோரு முறை சுழல்வது. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் நகரிலுள்ள 64 மீட்டர் வானொலித் தொலைநோக்கியைக் கொண்டு அதனை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர், சர் சி. வி. ராமனின் மைந்தரும் சென்னையில் பிறந்தவருமான வெங்கட்ராமன் ராதாகிருஷ்ணன். பல்சர் எதுவும் ஆற்றலை இழந்து மெல்ல மெல்ல வேகம் குறைய வேண்டும். ஆனால் 1969 ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியிலோ மார்ச் தொடக்கத்திலோ, வேலா பல்சர் திடீரென்று வேகம் கூடிச் சுழலத் தொடங்கியதை ராதாகிருஷ்ணனும் ரிச்சர்டு மான்செஸ்டரும் கண்டனர். கூடிய அளவு, பத்து லட்சத்தில் இரண்டு பங்குதான். இருந்தாலும் பூமியை விடப் பல லட்சம் மடங்கு பொருண்மை உடைய ஒரு பம்பரத்தை யார் வந்து சுண்டிவிட்டது?

வெளியிலிருந்து எவரும் சுண்டவில்லை; உள்ளிருந்தே அவ்வேகம் வந்தது. நியூட்ரான் விண்மீனின் உட்பகுதியில் உராய்வே இல்லாத மீப்பாய்மம் என்னும் திரவம் இருக்க வேண்டும் என்று சோவியத் அறிஞர் மிக்டால் 1959லேயே கூறியிருந்தார். மீப்பாய்மத்துக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒரு குடம் நீரைச் சுழற்றினால் நீர் முழுவதும் சேர்ந்து சுழலும். மீப்பாய்மம் அவ்வாறு சுழலாது. மெல்லிய நூல் போன்ற எண்ணற்ற சுழிகளாகத் தன்னைப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு சுழிக்கும் ஒரே அளவான சுழற்சியைப் பங்கிட்டுக் கொடுக்கும். வேலா பல்சருக்குக் கணக்கிட்டால் ஒரு சதுர சென்டிமீட்டரில் சுமார் 70,000 சுழிகள் வருகின்றன. இச்சுழிகள் விண்மீனின் திடமான மேலோட்டில் சிக்கிக்கொண்டு, பின்னர் கூட்டமாக விடுபடும்போது தம் சுழற்சியை ஓட்டுக்குக் கொடுத்துவிடுகின்றன என்பது 1975 முதல் அறிஞர் பலரும் ஏற்கும் விளக்கம். சுழற்சி அச்சுக்கு இணையாக நிற்கும் இச்சுழி நூல்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இவ்வரலாற்றின் முடிவில் அவை மீண்டும் வரும்.

இப்போது விண்ணை விட்டு, இரண்டாவது பாதைக்கு வருவோம்.

அணுக்கருவுக்குள் புரோட்டானையும் நியூட்ரானையும் பிணைத்து வைக்கும் ஒரு துகள் இருக்க வேண்டும் என்று ஜப்பானிய அறிஞர் யுகாவா 1935இல் கூறினார். பையான் என்று நாம் அழைக்கும் அத்துகளில் மூன்று வகை உண்டு. ஒன்று நேர் மின்னேற்றம் உடையது. ஒன்று எதிர் மின்னேற்றம் உடையது. மூன்றாவது மின்னேற்றமே இல்லாத நடுநிலைப் பையான். அதன் வாழ்நாள் மிகக் குறுகியது. ஒரு வினாடியை நூறு கோடி கோடிப் பங்குகளாக்கி அவற்றில் ஒரு பங்கை எடுத்தால், அதற்குள்ளாகவே அது பிறந்து, வாழ்ந்து, இரண்டு ஒளித் துகள்களாக மறைந்துவிடுகிறது.

ஜாக் ஸ்டைன்பெர்கர் என்பவர் ஜெர்மனியில் பிறந்த யூதச் சிறுவர். நாஜிகளின் ஆட்சிக்குத் தப்பி 1934இல் அமெரிக்கா சென்றவர். 1949இல் பிரின்ஸ்டனில் இருந்தபோது அவர் இந்நடுநிலைப் பையானின் வாழ்நாளைக் கணக்கிட்டார். பையான் நேராக ஒளியாக மாற முடியாது. கணப்பொழுது ஒரு புரோட்டானும் எதிர்ப் புரோட்டானுமாக உருமாறி, அவையே ஒளியை வெளியிட வேண்டும். அக்கணக்கைப் படமாக வரைந்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். ஒரு முனையில் பையான். மற்ற இரண்டு முனைகளில் ஒளித் துகள்கள். ஸ்டைன்பெர்கர் கண்ட விடை பின்னாளில் அளந்தறிந்த வாழ்நாளுக்கு வியக்கத்தக்க அளவு நெருங்கி நின்றது. ஆனால் அதே கணக்கை, சமானமானது என்று எல்லோரும் நம்பிய மற்றொரு வழியில் போட்டால் வேறு விடை வந்தது! ஜப்பானில் புகுடா, மியாமோட்டோ என்னும் இருவரும் அதே ஆண்டில் இதே இக்கட்டில் அகப்பட்டனர்.

இதன் பின் ஸ்டைன்பெர்கர் கொள்கைக் கணக்குகளை விட்டுச் சோதனைத் துறைக்குச் சென்றார். சென்ற மறு ஆண்டே, பெர்க்லியில் தம் தோழர்களோடு, நடுநிலைப் பையான் உண்மையில் இருக்கிறது என்பதற்கு நேரடிச் சான்று கண்டார். 1988இல் வேறொரு சோதனைக்காக நோபல் பரிசும் பெற்றார். அவர் விட்டுச் சென்ற முக்கோணமோ, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் யாரும் பொருள் காணாமல் கிடந்தது.

அது ஏன் முக்கியமாயிற்று என்று விளங்க வேண்டுமானால் வலக்கை, இடக்கை என்னும் வேறுபாட்டை அறிய வேண்டும். நுண்துகள்கள் பலவும் தம்மைத் தாமே சுற்றும் இயல்பு உடையவை. ஓடும் திசையிலேயே சுழற்சி அச்சும் நோக்கினால், வலப்புரியான திருகாணியைப் போல, அதனை வலக்கைத் துகள் என்போம். எதிர்த் திசையில் நோக்கினால் இடக்கைத் துகள். பொருண்மையே இல்லாத துகளைப் பொறுத்தவரை, வலக்கை வலக்கையாகவே இருக்கும். இடக்கை இடக்கையாகவே இருக்கும். இவற்றின் எண்ணிக்கை தனித்தனியே மாறாது என்பது பழைய பௌதிகத்தின் சமச்சீர் விதி. இவ்விதியைப் பையானுக்குப் பொருத்திப் பார்த்த சதர்லாண்டு, வெல்ட்மன் ஆகிய இருவரும் 1967இல் தனித்தனியே ஒரு முடிவுக்கு வந்தனர். விதி சரியானால் நடுநிலைப் பையான் இரண்டு ஒளித் துகள்களாக மறையவே கூடாது. மறைந்தாலும் மிக அரிதாகவே மறைய வேண்டும். ஆனால் ஆய்வுக்கூடங்களில் அது ஒவ்வொரு நாளும் மறைந்துகொண்டிருந்தது.

அழகான விதி ஒரு பக்கம். அளந்த எண் மறு பக்கம். இந்நிலையில்தான் ஜான் பெல்லும் இளைஞரான ரோமன் ஜாக்கீவும் செர்னில் அம்முக்கோணத்தை மீண்டும் கையில் எடுத்தனர். பிரின்ஸ்டனைச் சேர்ந்த ஸ்டீபன் ஆட்லர் தனியாக அதே வேலையைச் செய்தார். இருதரப்பாரின் கட்டுரைகளும் 1969இல் வெளிவந்தன. கணக்குப் போட்டவர் எவரும் தவறு செய்யவில்லை என்றும், தவறியது விதிதான் என்றும் அவை காட்டின. பழைய பௌதிகம் உறுதி கூறிய ஒரு சமச்சீர், குவாண்டம் விதிகளைச் சேர்த்துக் கணக்கிட்டவுடன் தானாகவே குலைந்துவிடுகிறது. இதற்கே குவாண்டம் பிறழ்வு என்று பெயர்.

எவரும் தொடாமல் ஒரு விதி எப்படிக் குலையும்? கோயில் குளம் ஒன்றை மனத்தில் கொண்டு வாருங்கள். கிழக்குக் கரையிலும் மேற்குக் கரையிலும் படிகள். படிக்கு ஓர் ஆள் வீதம் நிற்கிறார்கள். கிழக்குப் படியில் நிற்போர் வலக்கைக்காரர். மேற்குப் படியில் நிற்போர் இடக்கைக்காரர். நீருக்கு மேலே தலை தெரிபவர்களை மட்டும் நாம் எண்ணுகிறோம். நீருக்கடியில் உள்ள படிகள் எல்லாவற்றிலும் ஆட்கள் நிறைந்திருக்கிறார்கள். இப்போது கிழக்குக் கரையில் உள்ள ஒவ்வொருவரும் ஒரு படி ஏறட்டும். மேற்கில் உள்ள ஒவ்வொருவரும் ஒரு படி இறங்கட்டும். நீருக்கு மேலே வலக்கைக்காரர் ஒருவர் கூடிவிட்டார். இடக்கைக்காரர் ஒருவர் குறைந்துவிட்டார். ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு எவரும் நீந்திச் செல்லவில்லை. சாதாரணக் குளமாக இருந்தால் அடிப்படியைப் பார்த்து உண்மையைக் கண்டுபிடித்துவிடலாம். கிழக்கே அடிப்படி காலியாக இருக்கும்; மேற்கே ஓர் ஆள் சேற்றில் நிற்பார். ஆனால் குவாண்டம் குளத்துக்கு அடியே கிடையாது. படிகள் முடிவின்றிக் கீழே போய்க்கொண்டே இருக்கின்றன. ஆகையால் கணக்கு நேராவதே இல்லை. ஆட்களை ஏற்றி இறக்கும் கை எது என்றால், ஒரே திசையில் அமைந்த மின்புலமும் காந்தப்புலமும் என்று சொல்ல வேண்டும். வகுப்பில் இதனைச் சொன்னபோது ஒரு மாணவன், "அடியில்லாத குளத்தில் தண்ணீர் எப்படி ஐயா நிற்கும்?" என்று கேட்டான். உவமைக்கு எல்லை உண்டு என்று சொல்லித் தப்பித்தேன்; கேள்வி என்னவோ நல்ல கேள்விதான்.

பிறழ்வின் பெருமை அதன் எண்ணில் இருக்கிறது. ஸ்டைன்பெர்கர் முக்கோணத்தில் ஓட விட்டது புரோட்டானை. இன்று நாம் குவார்க்குகளை ஓட விடுகிறோம். ஒரு குவார்க்கின் மின்னேற்றம் மூன்றில் இரண்டு. மற்றதன் மின்னேற்றம் எதிர்முகமாக மூன்றில் ஒன்று. அவற்றின் வர்க்கங்கள் 4/9, 1/9. அவற்றின் வித்தியாசம் 3/9. குவார்க்குக்கு நிறம் என்னும் மூன்று வகைகள் உண்டு என்று கொண்டு மூன்றால் பெருக்கினால் விடை சரியாக 1. புரோட்டானின் மின்னேற்றத்தை வர்க்கப்படுத்தினாலும் 1 தானே! ஸ்டைன்பெர்கரின் விடை குவார்க்கு என்னும் சொல்லே பிறவாத காலத்தில் சரியாக வந்ததற்கு இதுதான் காரணம். குவார்க்குக்கு மூன்று நிறங்கள் உண்டு என்பதற்கு ஒரு வலுவான சான்றும் இப்படிக் கிடைத்தது. 2020இல் அமெரிக்காவின் ஜெபர்சன் ஆய்வுக்கூடத்தார் வெளியிட்ட அளவீடு நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு நுட்பம் உடையது. அதுவும் இக்கணக்கோடு ஒத்துப்போகிறது.

இதனினும் பெரிய செய்தி ஒன்றை ஆட்லரும் வில்லியம் பார்டீனும் 1969லேயே நிறுவினர். துகள்கள் தமக்குள் எவ்வளவு சிக்கலாக மோதிக்கொண்டாலும் பிறழ்வின் இந்த எண் மாறாது. இவ்விடத்தில் மாணவர்கள் சற்று நின்று சிந்திக்க வேண்டும். நியூட்ரான் விண்மீனின் மையத்தில் உள்ள பொருளின் குணம் என்ன? அதன் அழுத்தம் எவ்வளவு? நியூட்ரான்கள் நியூட்ரான்களாகவே இருக்கின்றனவா, குவார்க்குகளாகக் கரைந்துவிட்டனவா? சமன்பாடு கையில் இருக்கிறது; அதனைத் தீர்க்கும் வழி இல்லை. அவ்வளவு அடர்த்தியில் இன்றைய மிகப் பெரிய கணிப்பொறிகளாலும் நேரடியாகக் கணக்கிட இயலவில்லை. எல்லாமே ஊகமாக இருக்கும் அந்த இருட்டில், மாறாத எண் ஒன்று இருக்குமானால் அதுவே நாம் நம்பிக் கால் வைக்கக்கூடிய படி.

ஆனால் சுழற்சிக்கும் பிறழ்வுக்கும் என்ன தொடர்பு? அதனை நோக்கி முதல் அடி வைத்தவர் அலெக்சாண்டர் விலென்கின். சோவியத் நாட்டில் கார்க்கோவ் நகரில் பயின்று, அங்கே ஆராய்ச்சிக்கு இடம் கிடைக்காமல் மிருகக்காட்சிசாலையில் இரவுக் காவலராகவும் வேலை பார்த்து, 1976இல் அமெரிக்கா சென்றவர். 1979இல் அவர் எழுதிய கட்டுரை, சுழலும் பொருளிலிருந்து நியூட்ரினோக்கள் எவ்வாறு வெளியேறும் என்று ஆராய்ந்தது. ஒரு பொருள் சுழன்றால் அதிலுள்ள துகள்கள் தம் சுழற்சியையும் அதே அச்சை நோக்கித் திருப்ப விரும்பும். வலக்கைத் துகள் தன் சுழற்சி நோக்கும் திசையிலேயே ஓடுவது. ஆகவே அது அச்சின் வழியே ஒரு முனையை நோக்கி ஓடும். இடக்கைத் துகள் மறு முனையை நோக்கி ஓடும். இயற்கையில் நியூட்ரினோ இடக்கை மட்டுமே உடையது; எதிர் நியூட்ரினோ வலக்கை உடையது. எனவே ஒன்று ஒரு முனையிலும் மற்றது மறு முனையிலும் மிகுந்து வெளிப்படும் என்று விலென்கின் காட்டினார். ஆயினும் இதற்கு அடியில் இருப்பது அந்த முக்கோணம்தான் என்பது அப்போது வெளிப்படவில்லை.

கல்லூரியில் பௌதிகம் படிப்போருக்கு ஒரு குறிப்பு. சுழலும் மேடையில் நின்று பார்த்தால், ஓடும் பொருளைப் பக்கவாட்டில் தள்ளும் கொரியோலிஸ் விசை தோன்றும். காந்தப்புலத்தில் ஓடும் மின்துகளின் மேல் செயல்படும் விசையோடு அதனை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டின் வடிவமும் ஒன்றே. காந்தப்புலம் செய்யும் வேலையைச் சுழற்சியும் செய்யக்கூடும் என்று எண்ண இது இடம் தருகிறது.

2004இல் பாதைகள் கூடின. வியட்நாமில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய டாம் தான் சோன், கனடாவில் பணியாற்றிய ஏரியல் ஜிட்னிட்ஸ்கி ஆகிய இருவரும் அடர்ந்த பொருளில் குவாண்டம் பிறழ்வு என்னவெல்லாம் செய்யும் என்று ஆராய்ந்து எழுதினர். பையானையும் ஒளியையும் இணைத்த அதே முக்கோணத்தில், ஒரு முனையில் பொருளின் அடர்த்தியை வைத்துப் பார்த்தார்கள். அடர்ந்த மீப்பாய்மத்தில் தோன்றும் ஒவ்வொரு சுழி நூலின் வழியேயும், நீளவாட்டில் ஓர் ஓட்டம் பிறக்க வேண்டும் என்று விடை வந்தது. வலக்கையும் இடக்கையும் எதிரெதிராக ஓடுவதால் உண்டாகும் ஓட்டம் அது. வேலா பல்சரில் சதுர சென்டிமீட்டருக்கு 70,000 என்று எண்ணினோமே, அத்தகைய சுழிகள்தாம்! ராதாகிருஷ்ணன் கண்ட விண்மீனும் ஸ்டைன்பெர்கர் வரைந்த முக்கோணமும் ஒரே கட்டுரையின் எல்லைக்குள் வந்தன.

அதன் பின் வேலை விரைந்தது. 2008இல் மும்பை டாடா ஆராய்ச்சி நிலையத்தையும் அலகாபாத் ஹரிஷ்சந்திரா ஆராய்ச்சி நிலையத்தையும் சேர்ந்த இளைஞர்கள், போலந்து நாட்டு இளைஞர் ஒருவரோடு கூடி, முற்றிலும் வேறான ஒரு வழியில், அதாவது கருந்துளைகளின் கணிதத்தைக் கொண்டு, சுழலும் திரவத்தில் அச்சின் வழியே ஓட்டம் தோன்றுவதைக் கண்டனர். திரவங்களைப் பற்றிய பழைய நூல்களில் இடம்பெறாத ஓர் உறுப்பு சமன்பாட்டில் முளைத்திருந்தது. அடுத்த ஆண்டில் சோனும், அந்தப் போலந்து இளைஞரான சுருவ்காவும், பிறழ்வு உடைய எத்திரவத்திலும் அவ்வுறுப்பு இருந்தே ஆக வேண்டும் என்று நிறுவினர். அதை நீக்கினால் வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி கெட்டுவிடும். நூறு ஆண்டுகளுக்கு மேல் படித்துத் தேய்ந்த திரவ இயக்கவியலில் ஓர் உறுப்பு விடுபட்டிருந்தது என்பது எனக்கு இன்னமும் வியப்பாகவே இருக்கிறது.

2018இல் ஷாங்காய் பூடான் பல்கலைக்கழகத்தையும் டோக்கியோ கெய்யோ பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஹுவாங், நிஷிமுரா, யமமோட்டோ மூவரும் இன்னும் ஓர் அடி சென்றனர். அடர்ந்த அணுக்கருப் பொருளை மிக வேகமாகச் சுழற்றினால், நடுநிலைப் பையான்களே அச்சுக்குக் குறுக்காக அடுக்கடுக்கான சுவர்களாக அணிவகுத்து நிற்கும் நிலை, சாதாரண அணுக்கருப் பொருளை விடக் குறைந்த ஆற்றல் உடையதாகிவிடும் என்று அவர்கள் காட்டினர். காந்தப்புலத்திலே இத்தகைய அடுக்கு தோன்றக்கூடும் என்று சோனும் ஸ்டெபனோவும் 2008லேயே கூறியிருந்தனர். அதற்குத் தேவையான புலம், 1க்குப் பின் 19 சுழிகள் இட்ட காஸ். சுழற்சி காந்தப்புலத்தின் இடத்தைப் பிடிக்கிறது என்று மேலே சொன்னதன் விளைவு இது. கண் இமைக்கும் முன் மாய்ந்துபோகும் பையான், அந்த அணிவகுப்பில் நிலைபெற்று நிற்கும்!

இவற்றுள் எது மெய்யாகக் காணப்பட்டது என்று நீங்கள் கேட்பீர்கள், கேட்கவும் வேண்டும். பையானின் மறைவில் பிறழ்வு ஐயமறக் காணப்பட்டிருக்கிறது. 1997இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில், கடுங்குளிரில் மீப்பாய்மமான ஹீலியம் 3 திரவத்தைச் சுழலும் கலத்தில் வைத்து ஆராய்ந்தார்கள். அங்குச் சுழிகள் நகரும்போது உண்டாகும் விசை, பிறழ்வுச் சமன்பாடு சொல்லும் அளவோடு ஒத்திருந்தது. அது அணுக்கருப் பொருள் ஆகாது. ஆயினும் அதே கணிதத்துக்குக் கட்டுப்பட்டது. அணுக்கருப் பொருளையே சுழற்றிப் பார்த்த இடம் நியூயார்க்கு அருகிலுள்ள புரூக்ஹேவன். தங்க அணுக்கருக்கள் சற்று விலகி மோதும்போது தோன்றும் துளி, வினாடிக்கு 9ஐ அடுத்து 21 சுழிகள் இட்ட அளவில் சுழல்கிறது என்று 2017இல் ஸ்டார் என்னும் குழுவினர் அறிவித்தனர். மனிதர் அளந்த திரவங்களுள் இதுவே மிக விரைவாகச் சுழல்வது என்று அப்போது கூறினர். சுழற்சி அங்கே உறுதியாயிற்று. பிறழ்வின் ஓட்டம் உறுதியாகவில்லை. காந்தப்புலத்தால் உண்டாகும் பிறழ்வு ஓட்டத்தைத் தேடி, ருத்தேனியம், சிர்கோனியம் ஆகிய இரு தனிமங்களின் சம எடை உள்ள அணுக்கருக்களை 2018இல் மோதவிட்டனர். எந்தெந்த அடையாளங்கள் தெரிந்தால் ஓட்டம் உண்டு என்று ஒப்புக்கொள்வது என முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டே தரவுகளைத் திறந்தனர். 2021இல் முடிவு வெளிவந்தது. எழுதி வைத்த அடையாளம் எதுவும் தெரியவில்லை. அதை அப்படியே உலகுக்கு அறிவித்தார்கள்.

விண்மீன்களிலோ இன்னும் தேடல்தான். பல்சர்களில் பல, வினாடிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் விண்வெளியில் பாய்கின்றன. வெடித்த கணத்தில் யாரோ எட்டி உதைத்தது போன்ற அவ்வேகத்துக்கு, அச்சின் வழியே ஒரு பக்கமாக ஓடும் பிறழ்வு ஓட்டமும் ஒரு காரணமாகலாம் என்று எழுதியவர்கள் உண்டு. வெடிப்பே சமச்சீர் இல்லாமல் நிகழ்வதுதான் காரணம் என்பது பெரும்பாலோர் கொள்கை. நமக்குத் தெரிந்த பல்சர்களுள் மிக வேகமானது வினாடிக்கு 716 முறை சுழல்கிறது. பையான்கள் அடுக்காக நிற்பதற்கு வேண்டிய சுழற்சிக்கு முன் இதுவும் ஆமை நடையே. அத்தகைய அடுக்கு எங்கேனும் தோன்றுமானால், புரூக்ஹேவன் போன்ற இடங்களில் தோன்றும் துளிகளில்தான் தேட வேண்டும். ஆனால் சுழி நூல்களின் வழியே ஓட வேண்டிய ஓட்டத்துக்கு அவ்வளவு வேகம் தேவையில்லை. மீப்பாய்மச் சுழி ஒன்று இருந்தால் போதும்.

1969க்குப் பின் வேலா பல்சர் இருபதுக்கும் மேற்பட்ட முறை இவ்வாறு திடீரென வேகம் கொண்டிருக்கிறது. 2016 ஆம் ஆண்டு டிசம்பர் 12 ஆம் நாள், ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஒரு வானொலித் தொலைநோக்கி அதனை இடைவிடாமல் நோக்கிக்கொண்டிருந்தது. வேகம் கூடிய அந்த நிகழ்ச்சி, துடிப்பு துடிப்பாகப் பதிவாயிற்று. அப்போது ஒரு துடிப்பு வழக்கத்துக்கு மாறாக அகன்று வந்தது. அடுத்த துடிப்பு வரவே இல்லை. அதன் பின் துடிப்புகள் பழையபடி தொடர்ந்தன. வினாடியில் பதினொன்றில் ஒரு பங்கு நேரம் அந்த விண்மீன் வாய் மூடிக்கொண்டது. அந்தக் கணத்தில் உள்ளே கோடானுகோடிச் சுழிகள் தம் இடம் விட்டு நகர்ந்திருக்க வேண்டும். அவற்றின் வழியே ஓடியிருக்க வேண்டிய ஓட்டம் வெளியே ஏதேனும் அடையாளம் விட்டுச் செல்கிறதா என்பதற்கு, இதுவரை பதிவான துடிப்புகளில் விடை இல்லை.